கட்டைவிரல் தீர்ப்பு

அத்தியாயம் ஒன்பது

சென்ற வாரம் திருவேங்கடத்தைச் சிவப்புத் தலைப்பாகையோடு விட்டுவிட்டு வந்தோம். ஏழு நாளாகியும் அவர் அதைக் கழற்றவில்லை. குளிக்கும்போது கழுத்துக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார் என்று குப்பத்தில் பேச்சு.

தலைப்பாகை வந்த வழியை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கள்ள வராகன் நடமாட்டம் பெருத்துவிட்டது என்று பழவேற்காட்டில் இருந்த டச்சுக்காரர்களின் உலாந்தாக் கோட்டை தண்டோரா போட்டது. தன் அச்சில் அடித்த நல்ல தங்க வராகனை ஜனங்கள் தாங்களே கண்டுகொள்ள மூன்று அடையாளமும் சொன்னது. கண்ணுக்கு: காசிலுள்ள சாமியின் கிரீடத்துக்கு மேல் மூன்று பொட்டு. காதுக்கு: கல்லில் போட்டால் மணியைப் போல நீளும் ஓசை. கைக்கு: பின்பக்கம் முழுக்கக் கேழ்வரகு தூவினாற்போலப் புள்ளிகள். கட்டைவிரலால் தடவினால் நறநறவென்று இருக்க வேண்டும். வழவழவென்று இருந்தால் கள்ளம்.

மூன்றையும் யோசித்தவர்கள் கோட்டைக்குள்ளே, நிழலில், மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தவர்கள்.

இந்த அடையாளங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் குப்பத்துக்கு ஒரு நோட்டக்காரரையும் கோட்டை நியமித்தது. நம் குப்பத்துக்குத் திருவேங்கடம். அவருடைய தகுதி, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு துரையைப் படகிலிருந்து கரைவரைக்கும் தோளில் சுமந்து வந்தது. துரையின் காலணி நனையவில்லை. தங்கத்தின் மாற்று அறிவதற்கு இதைவிடப் பெரிய படிப்பு ஏது?

தண்டோராவின் வாலில் ஒரு சட்டமும் தொங்கியது. கள்ளப் பணம் யாரிடம் இருக்கிறதோ அவர், அதைக் கொடுத்தது யார் என்று சொல்லி மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தால், கொடுத்தவருக்கு வலது உள்ளங்கையில் சூடு. மெய்ப்பிக்க முடியாவிட்டால், வைத்திருந்தவருக்கே சூடு. யாராவது ஒருவர் கை வெந்தாக வேண்டும் என்பதில் மட்டும் கோட்டைக்குச் சந்தேகம் இல்லை.

*

அமாவாசைக்கு முந்தின நாள் காலை. கரையில் கவிழ்த்துப் போட்ட ஓடத்தின்மேல் திருவேங்கடம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோட்டையின் துபாஷி தெய்வசிகாமணி, ஓலைக்கட்டோடு. துபாஷிக்கு ஆறு பாஷை தெரியும் என்பார்கள். ஆறிலும் அவர் அதட்டுவதை மட்டும்தான் இந்தக் கரை கேட்டிருக்கிறது.

குப்பத்தில் வராகன் வைத்திருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். மூவரும் விவரமானவர்கள், விடியுமுன்பே கடலுக்குப் போய்விட்டார்கள். திருவேங்கடத்தின் மகன் கங்காதரனும் அவர்களோடு வலைக்குப் போயிருந்தான். கரையில் மிச்சமிருந்தது வேடிக்கை பார்க்க வந்த பெண்கள்.

கருவாட்டுக்காரி சாமுண்டீஸ்வரிதான் முதலில் முன்னால் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து நீட்டினாள்.

திருவேங்கடம் அதை வாங்கி வானத்துக்கு நேரே பிடித்தார். முப்பது வருஷம் தண்ணீரில் தெறித்த வெயிலைப் பார்த்த கண்கள். ஓரத்தில் சதை வளர்ந்து கிடந்தது. அவருக்குத் தெரிந்தது மஞ்சளாக ஒரு வட்டம்.

"கிரீடம் இல்ல," என்றார் கம்பீரமாக.

கல்லில் போட்டார். அலை இரைச்சலில் அது விழுந்ததா என்பதே யாருக்கும் தெரியவில்லை.

"ஓசை இல்ல."

கட்டைவிரலால் தடவினார். "வழவழ. கள்ளப் பணம்."

"பணம்னு யார் சொன்னது?" என்றாள் சாமுண்டீஸ்வரி. "அது துரை சட்டை பொத்தான். கரையில ஒதுங்கிச்சி. நல்ல பொத்தானா, கள்ளப் பொத்தானான்னு கேக்கலாம்னு வந்தேன்."

பெண்கள் சிரித்தார்கள். துபாஷியின் உதடும் ஓரமாக அசைந்தது. திருவேங்கடத்தின் கழுத்து தலைப்பாகை நிறத்துக்கு வந்தது.

அவமானப்பட்ட அதிகாரி அடுத்து வருகிறவனுக்காகக் காத்திருப்பான். அடுத்து வந்தவர் முனியன்.

முனியன், திருவேங்கடத்தின் சம்பந்தி. மருமகள் கஸ்தூரியைப் பெற்றவர். சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஏரியைக் கடந்து, கழி ஊன்றி ஊன்றி ஓடத்தைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பெண்டாட்டி போன பிறகு தனி ஆள். அந்தக் கழியும் அதைப் பிடிக்கும் கையும்தான் சொத்து. ஒரு கையில் மகளுக்காகக் காலைக் கட்டிய சேற்று நண்டுகள் நாலு. இன்னொரு கையில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு வராகன்.

"சம்பந்தி, இந்தா," என்றார் சிரித்த முகமாக. "காட்டலன்னா செல்லாதுன்னு தண்டோரா போட்டாங்க. வேற எவன்கிட்டியோ காட்டறதுக்கு, நம்ம ஆளுகிட்டியே காட்டிடலாம்னு வந்தேன்."

திருவேங்கடம் சிரிக்கவில்லை. துபாஷி பக்கத்தில் இருக்கும்போது நோட்டக்காரருக்கு உறவு கிடையாது. வாங்கினார். வானத்துக்கு நேரே பிடித்தார். கல்லில் போட்டார். தடவினார்.

தடவியதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடி தடவினார். பெண்கள் இன்னும் பொத்தானைப் பற்றிக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வழவழ," என்றார் உரக்க. "கள்ளப் பணம்."

முனியன் விளையாட்டு என்று நினைத்தார். "நல்லாப் பாரு சம்பந்தி."

"பாத்தாச்சி."

துபாஷி எழுத்தாணியை எடுத்தார். "யார் கொடுத்தது?"

முனியனின் சிரிப்பு அப்போதுதான் இறங்கியது. அவர் திருவேங்கடத்தைப் பார்த்தார், துபாஷியைப் பார்த்தார், மறுபடி திருவேங்கடத்தைப் பார்த்தார்.

"சொல்லுமய்யா. யார் கொடுத்தது?"

"இவருதான்," என்றார் முனியன், மெதுவாக. "எம் பொண்ணுக்குப் பரிசம் வச்சது. மூணு வருசமா மஞ்சத் துணிய அவுக்கவே இல்ல."

துபாஷி முதல்முறையாக ஓலையிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவருக்கு அன்றைய பொழுது இப்போதுதான் சுவாரசியமாகத் தொடங்கியது.

"நோட்டக்காரரே, நீர் கொடுத்ததா?"

இரண்டு வழி இருந்தது. காசு நல்லது, நான்தான் தவறிவிட்டேன் என்று சொல்லலாம். கொடுத்தது நான் என்று ஒப்புக்கொண்டு கையை நீட்டலாம். திருவேங்கடம் மூன்றாவது வழியைப் பிடித்தார்.

"நான் குடுத்தது நல்ல வராகன்," என்றார். "இது அது இல்ல."

துபாஷி ஓலையில் எழுதினார். "கொடுத்தவர் மெய்ப்பிக்கப்படவில்லை. சாயங்காலம் சந்தைத் திடலில் காசை வெட்டிப் பார்ப்போம். உள்ளே செம்பு இருந்தால் கையில் சூடு. காசு அதுவரை நோட்டக்காரர் பொறுப்பு."

துபாஷியோடு வந்த சேவகர்கள் இரண்டு பேர் முனியனின் தோளைப் பிடித்தார்கள். அவர் நண்டுகளை ஜாக்கிரதையாகக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணுகிட்ட குடுத்துடுங்கம்மா," என்றார் யாரிடம் என்றில்லாமல்.

*

நண்டுகளைச் சாமுண்டீஸ்வரிதான் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே சேதியையும்.

திருவேங்கடம் வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி இருசம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கஸ்தூரி மூலையில் நின்றாள். அழுது முடித்த முகம்.

"அந்தக் காசு நம்முது," என்றாள் இருசம்மாள், தலையைத் தூக்காமல். "நான்தான் முந்தானையில முடிஞ்சி எடுத்துனு போயி தாம்பாளத்துல வச்சேன்."

"மூணு வருசத்துல மாத்தியிருப்பான்."

"மாத்தறதுக்கு அவருகிட்ட இன்னொண்ணு ஏது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெரலு சொல்லுது. கோட்டையே நம்புற வெரலு."

"எங்க, அந்த வெரலக் காட்டு."

நீட்டினார். மரியாதை செய்யப்போகிறாள் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். இருசம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். வலைக் கயிறு முப்பது வருஷம் அறுத்து அறுத்து, உப்புத் தண்ணீர் ஊறி ஊறி, கட்டைவிரலின் தோல் ஆமை ஓடுபோல ஆகியிருந்தது.

"கண்ணு தப்பும், காது தப்பும்," என்று திருவேங்கடம் கஸ்தூரிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "கை தப்பாது. துபாஷி எங்கிட்ட இன்னா சொன்னாருன்னு தெரியுமா? திருவேங்கடம், உங் கையிலதான் இந்தக் கரையோட நாணயமே கீதுன்னாரு. நான் சொன்னேன்…"

"குனிஞ்சி பாரு," என்றாள் இருசம்மாள்.

குனிந்து பார்த்தார். கெளுத்தி மீனின் முள் ஒன்று அவர் கட்டைவிரலில் நட்டுக்கொண்டு நின்றது. பாதி உள்ளே இருந்தது.

"எப்ப குத்தின?"

"நீ கண்ணு தப்பும்னு சொன்னப்ப."

ரத்தம்கூட அப்போதுதான் யோசித்து யோசித்து வந்தது.

"போன தை மாசம் இதே வெரல்ல முள்ளு ஒடஞ்சி, சீழு வச்சி, நாலு நாளு கழிச்சி நான் புடுங்கனேன். அப்பவும் உனுக்குத் தெரில. அது செத்து ரொம்ப நாளாச்சியா. அதுல உனுக்குக் கேவுரும் தெரியாது, கடுகும் தெரியாது."

திருவேங்கடம் முள்ளைப் பிடுங்கி எறிந்தார். ஏழு நாளில் முதல்முறையாகத் தலைப்பாகை அவருக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

கஸ்தூரி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"மாமா, நைனாவுக்கு அந்தக் கைதான் மாமா. அது வெந்துச்சின்னா கழி புடிக்க முடியாது. கழி புடிக்கலன்னா ஏரியில எறங்க முடியாது. அவருக்குச் சோறு போடவும் அங்க யாரும் இல்ல."

"போயி சொல்லு," என்றாள் இருசம்மாள். "தெரியாம சொல்லிட்டேன், காசு நல்லதுன்னு சொல்லு. எப்படியும் சாயந்தரம் வெட்டத்தான் போறாங்க. உள்ள தங்கம் இருந்தா உன் மானம் சந்தையில போவும். இப்பவே போயி சொன்னா துபாஷியோட போவும்."

"தலப்பாவ அவுத்துருவாங்க."

"அவுக்கட்டும். மண்டைக்குக் காத்து வரும்."

திருவேங்கடம் எழுந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, கஸ்தூரியின் தலையில் கையை வைத்தார்.

"நான் பாத்துக்கறேன்மே," என்றார்.

அவர் கோட்டைப் பக்கமாக நடந்து போவதைப் பார்த்த பிறகுதான் கஸ்தூரிக்கு மூச்சு வந்தது. நைனா திரும்பி வந்தால் சாப்பிட வேண்டுமே என்று நண்டுகளை அடுப்பில் ஏற்றினாள்.

*

திருவேங்கடம் பாதி வழியில் ஒரு புன்னை மரத்தடியில் உட்கார்ந்தார்.

இடுப்பில் இரண்டு முடிச்சு. ஒன்றில் முனியனின் வராகன். இன்னொன்று, கோட்டை கொடுத்த சுருக்குப் பை. ஜனங்களுக்குத் தடவிக் காட்டுவதற்காக அதில் ஒரு நல்ல வராகனும் ஒரு கள்ள வராகனும் மாதிரிக்கு இருந்தன. எது நல்லது, எது கள்ளம் என்று இத்தனை நாளாக அவருக்கே தெரியாது. யாரும் கேட்காததால் தப்பித்திருந்தார்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பையிலிருந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

வலை இழுக்காத ஒரே உறுப்பு நாக்கு. காசின் பின்பக்கத்தை அது துழாவியது. நறநறவென்று மணி மணியாகப் புள்ளிகள். கேழ்வரகேதான். எழுதியவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்று திருவேங்கடத்துக்குக் கோட்டையின்மேல் மரியாதை கூடியது. அதைத் துப்பிவிட்டு அடுத்ததைப் போட்டார். கூழாங்கல்லைச் சப்பினாற்போல இருந்தது. வழவழ.

கடைசியாக முனியனின் வராகனைப் போட்டார்.

புள்ளிகள். ஒன்றுகூடத் தேயாமல், மூன்று வருஷம் மஞ்சள் துணியில் தூங்கிய புள்ளிகள்.

தலைப்பாகை கட்டிய ஐம்பது வயது மனிதர், மரத்தடியில், கன்னத்தில் ஒரு வராகன் உப்பியிருக்க, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்தக் கதையில் அவர் உண்மையைத் தெரிந்துகொண்ட ஒரே நேரம் அது. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருப்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

முனியனின் வராகனைத் துடைத்துக் கோட்டைப் பையில் போட்டார். வழவழப்பானதை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்.

*

சந்தைத் திடலில் அன்றைக்குக் கருவாட்டைவிடக் கூட்டம் அதிகம். சூடு வைப்பதற்குக் கொள்ளு விற்கிற இடத்தைத்தான் ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். கரி அடுப்பில் இரும்பு பழுத்துக்கொண்டிருந்தது.

இருசம்மாளும் கஸ்தூரியும் முன்வரிசையில் நின்றார்கள். கஸ்தூரி தைரியமாகவே இருந்தாள். மாமா பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

துபாஷி கையை நீட்ட, திருவேங்கடம் மஞ்சள் துணியைக் கொடுத்தார். கோட்டைத் தட்டான் காசை எடுத்துப் பட்டடையில் வைத்து உளியை நிறுத்தினான்.

"கொஞ்சம் இரு," என்றார் முனியன். காசைக் குனிந்து பார்த்தார். "இது இல்லீங்க. நான் கொண்டாந்தது இது இல்ல."

"காலையில் அவர் கொடுத்தது இது இல்லை என்றார். இப்போது நீர் கொண்டுவந்தது இது இல்லை என்கிறீர்," என்றார் துபாஷி. "சம்பந்திகள் இருவருக்கும் ஒரே வாய்."

கூட்டம் சிரித்தது. காலையில் பொத்தானுக்குச் சிரித்த அதே கூட்டம்தான். யாருக்காகச் சிரிக்கிறோம் என்று அதற்குக் கவலையில்லை.

உளி இறங்கியது. காசு இரண்டாகப் பிளந்தது. தட்டான் ஒரு பாதியைத் தூக்கிக் காட்டினான். மேலே மெல்லிசாகப் பொன் தோல். உள்ளே முழுக்கச் சிவப்பு.

"செம்பு," என்றார் துபாஷி.

"சம்பந்தி," என்றார் முனியன். அவ்வளவுதான் சொன்னார். கெஞ்சவில்லை. திருவேங்கடம் கோட்டைக் கொடிமரத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு அந்தக் கொடிமரம் தெரியாது என்பது இருசம்மாளுக்குத் தெரியும்.

இரும்பு வைத்த ஓசை அலை இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. நீளமான ஓசை. முனியனின் கட்டைவிரல் மட்டும் தனியாகத் துடித்தது; பிறகு மற்ற நாலு விரல்களோடு உள்ளே மடிந்துகொண்டது. கஸ்தூரி அப்பனின் பக்கமாக ஓடினாள்.

துபாஷி ஓலையைக் கட்டிக்கொண்டே திருவேங்கடத்தின் முதுகில் தட்டினார்.

"தடவியே சொன்னீரே, என்ன விரலய்யா உமக்கு. சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம் இரண்டையும் உமக்கே எழுதித் தருகிறேன். அமாவாசை கழித்து அங்கேயும் போய்ப் பாரும்."

திருவேங்கடம் தலைப்பாகை சரியாத அளவுக்குக் குனிந்து கும்பிட்டார்.

*

முனியனை வீட்டு முற்றத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். கஸ்தூரி தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்து நனைத்து உள்ளங்கையில் வைத்தாள். அடுப்பில் நண்டு ஆறிப்போயிருந்தது. யாரும் தொடவில்லை.

திருவேங்கடம் வந்தார். யாரையும் பார்க்காமல் கோட்டைப் பையை ஆணியில் மாட்டினார். துபாஷி வீட்டில் தாம்பூலத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சுவருக்குச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார், கழுத்துக்குக் கீழே குளிக்க.

இருசம்மாள் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்டிய காசில் சிவப்புத் தெரிந்ததிலிருந்தே அவளுக்கு அந்தப் பையின்மேல் கண். பையை எடுத்தாள். சுருக்கைத் தளர்த்தி, இரண்டு விரலை உள்ளே விட்டாள்.

கோட்டைக் கணக்குப்படி ஒன்று நறநறவென்று இருக்க வேண்டும். ஒன்று வழவழவென்று இருக்க வேண்டும்.

ஒன்றைத் தடவினாள். புள்ளிகள். இன்னொன்றைத் தடவினாள். புள்ளிகள். மறுபடி முதலாவதைத் தடவினாள்.

விரல் செத்துப்போனதென்று மத்தியானம் அவள் சொல்லாமலிருந்தால், அந்த மனிதர் முட்டாளாகவே சந்தைக்குப் போயிருப்பார். காசு தங்கமாகப் பிளந்திருக்கும். முனியன் நண்டு தின்றுவிட்டு ஊருக்குப் போயிருப்பார். சொன்னது அவள். முள்ளைக் குத்திப் புரியவைத்ததும் அவள்.

இப்போது இந்தப் பையைக் கோட்டையில் காட்டினால் இரும்பு மறுபடி பழுக்கும். இந்த முறை அதற்கு வீட்டுக்காரரின் கை. யார் உடந்தை என்று மேலும் நோண்டினால், இன்னும் கடலிலிருந்து திரும்பாத மகன் கங்காதரனின் கை.

"அத்த."

முற்றத்திலிருந்து கஸ்தூரி பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

"இன்னா அது, அத்த?"

இருசம்மாள் விரலை வெளியே எடுத்தாள். சுருக்கை இறுக்கினாள்.

"ஒண்ணுமில்ல. ஊருக்குக் காட்டறதுக்கு ஒரு நல்ல காசு, ஒரு கள்ளக் காசு. நீ போயி உங்க நைனாவுக்குக் கஞ்சி வையி."

கஸ்தூரி எண்ணெய்த் துணியை அப்பனின் கையில் வைத்துவிட்டு எழுந்தாள். புடவையில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரைக்கும் துடைத்தாள். கிணற்றடியில் வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

வாசற்படிக்கு வந்து நின்று கையை நீட்டினாள்.

"குடுங்க அத்த. நான் ஒரு வாட்டி தடவிப் பாக்கறேன்."